கழற்றி வைத்த டிஸ்க்

(திருநெல்வேலியில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேஜை மேல் பக்க மூடி இல்லாமல் நிற்கும் இந்த கேபினெட்டைப் பார்த்துவிட்டு முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “சர்வீஸுக்கு வந்த பெட்டிய இங்கயே தூக்கிட்டு வந்துட்டீரா வே?” என்று கேட்டார். இல்லை ஐயா, இது என் வீட்டுப் பெட்டி. காலையில் ஒயரைப் பிடுங்கி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அடுத்தவர் பெட்டியைத் திறந்து காட்டினால் அது வம்பு. என் பெட்டிக்குள் இருக்கும் முட்டாள்தனங்களுக்கு நானே பொறுப்பு.

அழைப்பிதழில் ‘வீட்டுக் கணினியில் தரவுச் சேமிப்பும் காப்பும்’ என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது கடைத்தமிழ். தரவை டேட்டா என்பேன், காப்பை பேக்கப் என்பேன். 1996 முதல் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைப்பவன் வாயில் வேறு எதுவும் வராது.

முதலில் ஒரு தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா நடவுக்குப் போனவள். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பாடுவாள். 2003-ல் ஒரு டேப் ரெக்கார்டரை அவள் முன்னால் வைத்து 14 கேசட் பதிந்தேன். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கேசட்டுகளில் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஏற்றியாச்சே, இனி எதற்கு என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் சும்மா வைக்கவில்லை. தொழில் தெரிந்தவன் அல்லவா? 160 ஜிபி டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதினால் அப்படியே மற்றொன்றிலும் பதியும்படி இணைத்திருந்தேன். ஒன்று செத்தாலும் ஒன்று இருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டியதும் உண்டு.

2008 ஐப்பசியில் ஓர் இரவு, இடி. தெருவே வெளிச்சமாகி அணைந்தது. காலையில் பெட்டியைத் திறந்தால் கருகல் வாடை. பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் வெடித்திருந்தது. 12 வோல்ட் வரவேண்டிய மஞ்சள் ஒயரில் எவ்வளவு வந்து இறங்கியதோ தெரியாது. டிஸ்க்குகளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டின் அடிப்பலகையிலும் ஒரே சிப், ஒரே மூலையில் கருகியிருந்தது. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் மச்சம் இருக்குமே, அப்படி. அதே மாடல் பலகை வாங்கி மாற்றிப் பார்த்தேன். டேட்டா மீட்கும் கூடம் ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தேன். உள்ளே ஹெட்டோடு இருக்கிற சின்னச் சிப்பும் போய்விட்டது என்று திரும்பி வந்தது.

அம்மா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள். மீண்டும் பதிய வழியில்லை.

ஆறு மாதம் கழித்து மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது அத்தை ஒரு சிடியை எடுத்து வந்தார். “உங்கம்மா பாட்டுன்னு நீதானப்பா எரிச்சுக் கொடுத்த?” எனக்கு நினைவே இல்லை. அதில் 11 பாட்டு இருந்தது. அவ்வளவுதான் இன்று என்னிடம் இருப்பது. பெருமையாகக் கட்டிய ஜோடி டிஸ்க் கைவிட்டது. கவனமே இல்லாமல் கொடுத்து மறந்த ஒரு சிடி காப்பாற்றியது. ஏனென்றால் அந்த இடி விழுந்த இரவில் அது வேறு ஊரில், எந்த ஒயரோடும் சேராமல், ஓர் அலமாரியில் கிடந்தது.

அன்றிலிருந்து எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் எத்தனை டிஸ்க் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எந்த ஒரு கெடுதல் வந்தால் எத்தனை டிஸ்க்கைச் சேர்த்துப் பிடிக்கும் என்றுதான் எண்ணுகிறேன். இனி நான் சொல்வதெல்லாம் அந்தக் கணக்குதான்.

இதைக் கைமாற்றிப் பாருங்கள். மூடி கழற்றிய செத்த டிஸ்க். தட்டில் முகம் தெரியும், விரல் வைக்கலாம், இனி கெடுவதற்கு ஒன்றுமில்லை. உயிரோடு இருந்தபோது இது நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றியது. தட்டின் குறுக்களவு ஏறக்குறைய 95 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் விளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் மேல், கொக்கு மூக்கு மாதிரி இருக்கிறதே, அதன் நுனியில் உள்ள ஹெட் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். ஓடுகிற டிஸ்க்கை மேஜையில் ‘டொக்’கென்று வைக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. பீரோ கணக்கில் உயரம், ஒரு டன் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. இன்றைக்கு உங்கள் போனில் இருக்கும் பேரன் போட்டோ ஒன்றே அதை நிரப்பிவிடும். இப்போது உள்ளங்கையில் 4 டிபி கொடுக்கிறார்கள். கொடுத்ததும் ஒரு சண்டை வரும். “4 டிபின்னு வித்துட்டு 3.63தான் காட்டுது, மிச்சம் எங்கே?” டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024 1024-ஆக எண்ணுகிறது. அளக்கிற படிதான் வேறு, நெல் ஒன்றுதான். இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. இங்கே ஐம்பது பேர் சாட்சியாக ஒருமுறை சொல்லிவைக்கிறேன்.

இப்போது நம் ஊர் சர்வீஸ்காரர்கள் கிளப்பிவிட்ட ஒரு நம்பிக்கைக்கு வருகிறேன். நானும் அந்தக் குற்றவாளிகளில் ஒருவன். “சார், சி டிரைவ்ல எதையும் வைக்காதீங்க. டி-யில போட்டு வையுங்க, பத்திரமா இருக்கும்.” விண்டோஸ் அடிக்கடி படுத்துக்கொண்ட காலம் அது. சி-யை ஃபார்மேட் அடித்து மறுபடி ஏற்றுவோம், டி தப்பிக்கும். அந்த அளவுக்கு அது சரி. ஆனால் கேட்டவர்கள் டி என்பது வேறொரு டிஸ்க் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை சி, டி, இ, எஃப் நான்கிலும் தன் கணவர் எழுதிய நாவலை ஒவ்வொரு படி வைத்திருந்தார். “நாலு இடத்துல இருக்கு தம்பி” என்றார். நாலும் இருந்தது ஒரே தட்டில். ஒரே வீட்டின் நான்கு அறை. வீடு பற்றி எரியும்போது எந்த அறையில் வைத்தால் என்ன? அந்த டிஸ்க் என்னிடம் வந்தபோது ‘டிக்… டிக்…’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஹெட் இடத்தைத் தேடுகிறது, கிடைக்காமல் திரும்பிவந்து மோதுகிறது. நல்லவேளையாக நாவலின் பாதி கையெழுத்துப் பிரதியாக இருந்தது.

சரி, டிஸ்க்கே இரண்டு வாங்கிவிட்டால்? இங்கேதான் ரெய்டு வருகிறது. வருமான வரிக்காரர்கள் அல்ல. 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய நிறுவனங்கள் வாங்கும் ராட்சத விலை டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்க்குகளை அடுக்கி அதைவிட வேகமாக வேலை வாங்கலாம் என்றார்கள். ஆனால் டிஸ்க் எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று சாவதற்கான வாய்ப்பும் கூடும். அதைச் சமாளிக்கக் கொஞ்சம் உபரியாக எழுதி வைப்பது எப்படி என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

ரெய்டில் பல வகை. ஜீரோ என்ற வகையில் உபரியே கிடையாது. பாதியை இதிலும் பாதியை அதிலும் எழுதுவது. வேகம் பறக்கும். ஒன்று செத்தால் மற்றொன்றில் இருக்கும் பாதியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோக்காரர்கள் தற்காலிக வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும். ஒன்று என்ற வகை நான் அம்மா பாட்டை வைத்திருந்த ஜோடி. அஞ்சு என்ற வகை இருக்கிறதே, அதன் தந்திரம் அழகு. மூன்று டிஸ்க் என்று வையுங்கள். முதலாவதில் 1, இரண்டாவதில் 0. மொத்தம் எத்தனை ஒன்று? ஒன்றே ஒன்று, ஒற்றைப்படை. அதனால் மூன்றாவதில் 1 என்று குறித்துவைக்கிறது. இப்போது எதை வேண்டுமானாலும் பிடுங்குங்கள். இரண்டாவதைப் பிடுங்கினேன். முதலாவது 1 என்கிறது, மூன்றாவது ‘ஒற்றைப்படை’ என்கிறது. அப்படியானால் காணாமல் போனது 0-தான். இதையே கோடிக்கணக்கான முறை செய்தால் செத்த டிஸ்க் முழுவதும் புது டிஸ்க்கில் மீண்டு வந்துவிடும். அந்த ஒற்றை-இரட்டைக் குறிப்பை ஒரே டிஸ்க்கில் குவிக்காமல் மூன்றிலும் மாற்றி மாற்றிப் பரப்பி எழுதுவதுதான் அஞ்சாம் வகை.

அழகுதான். ஆனால் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். மீட்டெடுக்க மிச்சமுள்ள டிஸ்க் எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். 8 டிபி டிஸ்க் என்றால் நொடிக்கு 200 எம்பி வேகத்தில் இடைவிடாமல் படித்தாலும் 11 மணி நேரம். உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும், இன்னும் நேரமாகும். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த மூன்று டிஸ்க் அவை. ஒரே வயது, ஒரே வெயில், ஒரே மின்சாரம். மூத்தது விழுந்த வாரத்தில் இளையதைப் போட்டு அத்தனை மணி நேரம் ஓட்டினால் அதுவும் படுக்கும். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இதற்கு நடுவே நம் ஊர் கரண்ட்டும் போகும்.

ரெய்டு யாருக்கு? கதவைச் சாத்தவே முடியாத கடைக்கு. வங்கி, ரயில் முன்பதிவு மாதிரி. டிஸ்க் செத்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடாது. நம் வீட்டில் கல்யாண ஆல்பம் ஒரு நாள் திறக்காவிட்டால் யாரும் கேஸ் போடப்போவதில்லை. நமக்கு வேண்டியது கடை மூடாமல் இருப்பதல்ல, சரக்கு அழியாமல் இருப்பது.

ரெய்டு செய்யாத இன்னொன்றும் இருக்கிறது. அது உங்கள் விரலைத் தடுக்காது. நீங்கள் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கும் அந்த நொடியே, ரொம்ப விசுவாசமாக, சேர்ந்து அழிக்கும்.

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 படம் தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மின்சாரத்தைப் பிடுங்கி நிறுத்துவதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், அது சரியாக எழுதவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. அப்போது கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநருக்கு ஞாபகம் வந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் படத்தின் படி ஒன்றைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தப் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு கதை சரியில்லை என்று அந்தப் படத்தின் பெரும்பகுதியைப் புதிதாக எடுத்தார்கள் என்பது தனிக்கதை. எனக்கு முக்கியம் அந்த வீட்டுப் பெட்டிதான். என் அத்தையின் சிடி மாதிரியே, யாரும் பேக்கப் என்று பெயர் வைக்காத படி அது.

சரி, வாருங்கள், என் பெட்டிக்குள் பார்ப்போம். பலகையோடு பலகையாகப் படுத்திருக்கிறதே, சூயிங்கம் பட்டை மாதிரி, அது 500 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸும் மென்பொருள்களும் அதில். என் சொத்து எதுவும் அதில் இல்லை. நாளைக்கே செத்தால் ஒரு மதியத்தில் மறுபடி ஏற்றிவிடுவேன். அதற்குக் கீழே, டிஸ்க் அடுக்கின் மேல்தட்டில் 4 டிபி ஹார்ட் டிஸ்க். வேலை நடப்பது அதில். ஒரு தட்டு காலிவிட்டு அடியில் இன்னொரு 4 டிபி. நடுவில் விட்ட இடம் காற்றுக்கு. நம் ஊர் சித்திரையில் இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒன்றின் சூட்டில் ஒன்று வேகும். மேலே உள்ளதை இரவு 11 மணிக்கு ஒரு நிரல் கீழே உள்ளதில் படி எடுக்கிறது. உடனுக்குடன் அல்ல, நாளுக்கு ஒருமுறை. அந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது. பகலில் நான் செய்யும் தப்பு இரவுவரை கீழே இறங்காது. பழைய பதிப்புகளையும் 60 நாளைக்கு வைத்திருக்கும்படி சொல்லியிருக்கிறேன். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, ஆப்பிளில் 2007-ல் வந்த டைம் மெஷின், லினக்ஸ்காரர்களுக்கு 1996 முதல் ஆர்சிங்க். எதுவாக இருந்தாலும் சரி, பழசை வைத்திருக்கத் தெரிந்ததாக இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அச்சு அசல் படி எடுக்கும் கட்டளைகள் உண்டு, ரோபோகாப்பியில் ‘மிர்’ என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். மூலத்தில் இல்லாதது படியிலும் இருக்கக்கூடாது என்பது அதன் பொருள். நண்பர் ஒருவர் தினமும் அதைத்தான் ஓட்டுவார். ஒரு நாள் பென் டிரைவ் செருகியபடி பெட்டியை ஆன் செய்தார். டிரைவ் எழுத்துகள் ஒரு படி இடம் மாறிவிட்டன. மூலம் என்று அவர் கொடுத்த எழுத்தில் காலி பென் டிரைவ் உட்கார்ந்திருந்தது. அந்த வெறுமையை அந்தக் கட்டளை மிகச் சரியாக அவருடைய பேக்கப் மேல் படி எடுத்தது. அசல் டிஸ்க் பிழைத்தது, அவருக்குத்தான் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எழுத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பெயர் வையுங்கள். என்னுடையவை ‘வேலை’, ‘ராத்திரி’, ‘பரண்’, ‘கோவை’. மார்க்கர் பேனாவால் டிஸ்க்கின் மேலேயே எழுதியிருக்கிறேன், வாங்கிய மாதத்தோடு.

டிஸ்க் வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள். சிலவற்றில் தடங்களை ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன் ஓரத்தில் ஒன்று ஏறும்படி எழுதுவார்கள். அதே தட்டில் நிறைய அடங்கும், விலை குறையும். ஆனால் கூரையில் கீழ்வரிசை ஓடு ஒன்றை மாற்ற மேலே இருப்பதையெல்லாம் தூக்க வேண்டும் அல்லவா? அதேபோல் பழைய இடத்தில் திருத்தி எழுதும்போது இது திணறும். எப்போதாவது எழுதிக் கழற்றி வைப்பதற்கு அது போதும். தினசரி வேலைக்கும் ரெய்டுக்கும் வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்ட் டிஸ்க் ஓடும்போது கொஞ்சம்தான் தின்னும். சுழல ஆரம்பிக்கிற சில நொடியில் 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் நாலு டிஸ்க்கைப் பிரிப்பான் போட்டுத் தொங்கவிட்டால், காலையில் ஆன் செய்யும்போது ஒரு டிஸ்க் காணாமல் போய் இரண்டாம் முறை வரும். டிஸ்க் போச்சு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்னொன்று டேட்டா ஒயர். இந்தச் சின்னச் சிவப்பு ஒயர் லேசாகத் தளர்ந்தாலே பிழை வரும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டில் 199 என்ற எண்ணுள்ள வரி ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி பெரும்பாலும் ஒயர்தான். எத்தனை நல்ல டிஸ்க்குகளை ஒயருக்காகத் தூக்கிப் போட்டார்களோ! 5, 197 என்ற வரிகள் ஏறினால்தான் வயிற்றில் புளி கரைய வேண்டும். தட்டிலேயே கெட்ட இடங்கள் பெருகுகின்றன.

அந்தக் குறிப்பேடு சுத்தமாக இருந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. கூகுள் பொறியாளர்கள் தங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். செத்தவற்றில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு அறிகுறியில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்திருந்தன. காலையில் காபி குடித்துவிட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்த மாதிரி.

இப்போது பெட்டிக்குள் மூன்று டிஸ்க் ஆயிற்று. ஒன்று செத்தால் பிழைப்பேன், விரல் தவறினாலும் பிழைப்பேன். இடி விழுந்தால்? மூன்றும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் தொங்குகின்றன. 2008 திரும்ப வரும். இடிக்கு மட்டுமல்ல. 2017 மே மாதம் வான்னக்ரை என்ற வைரஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பிடித்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இந்த மாதிரி வைரஸுக்கு ஒயரில் இருக்கும் டிஸ்க் எல்லாம் ஒன்றுதான். பேக்கப் என்று பெயர் எழுதி ஒட்டியிருந்தாலும் அது படிக்காது.

அம்மா வீட்டில் சாப்பாட்டு நெல் குதிரில் இருக்கும். விதைநெல்லை மட்டும் வைக்கோல் பிரி சுற்றி, கோட்டை கட்டி, சாணி மெழுகித் தனியே வைத்துவிடுவார்கள். பசித்தாலும் அதில் கை வைக்கக்கூடாது. கையெட்டும் இடத்தில் இருந்தால் கை போகும் என்று தெரிந்துதான் கட்டி வைத்தார்கள். என் மூன்றாவது படி அப்படி. எக்ஸ்டர்னல் டிஸ்க். ஞாயிற்றுக்கிழமை செருகுவேன், படி எடுப்பேன், கழற்றிப் பரணில் வைப்பேன். வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் அதற்கு ஒயர் உறவு. கழற்ற சோம்பல்பட்டு அப்படியே விட்டுவைத்தால் அது நாலாவது உள் டிஸ்க், அவ்வளவுதான்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இதை 3-2-1 என்ற கணக்கில் பிரபலமாக்கினார். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். புகைப்படக்காரர்தான் சொன்னார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மறுபடி எடுக்க முடியாததை வைத்திருப்பவருக்குத்தான் இந்தப் பயம் வரும்.

வெளியூர்ப் படிக்கு நான் தேர்ந்தெடுத்தது தூத்துக்குடி. தங்கச்சி வீடு. ஐம்பது கிலோமீட்டர், அடிக்கடி பஸ். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய், புதுசைக் கொடுத்து பழசை வாங்கி வருவேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஜங்ஷன் பக்கம் தெருவுக்குள் வந்தது. என் வீட்டில் இடுப்பளவு. தரையில் நின்ற பெட்டி மூன்று டிஸ்க்கோடும் மூழ்கியது. போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் தங்கச்சியிடம் முதலில் பிள்ளைகளைக் கேட்டேன். பிறகு தயங்கித் தயங்கி டிஸ்க்கைக் கேட்டேன். “பீரோ அடித்தட்டுல பட்டுச் சேலைக்குக் கீழ பத்திரமா வச்சிருந்தேன்ணே” என்றாள். பட்டுச் சேலையே போய்விட்ட வீட்டில் டிஸ்க்கைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஐம்பது கிலோமீட்டர் தூரம் மழைக்கு ஒரு தூரமே இல்லை. இடிக்கு அது வெளியூர். வெள்ளத்துக்கு ஒரே ஊர். என் கணக்கில் நானே தவறிய இடம் அது. ஐந்து டிஸ்க்கில் நான்கு போயிற்று. பரணில் முறுக்கு அச்சுக்கும் வெண்கலப் பானைக்கும் நடுவில் ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது. அத்தையின் 11 பாட்டும் அதில்தான் இருந்தன. சிடி எப்போதோ படிக்காமல் போய்விட்டது.

ஆகவே இப்போது வெளியூர்ப் படி கோயம்புத்தூரில், மகளிடம். வேறு ஆற்றுப் படுகை. வேறு கடலோரம், அதாவது கடலோரமே இல்லை. டிஸ்க் முழுவதையும் பூட்டுச்சொல் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறேன். பூட்டுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். எல்லாம் செய்துவிட்டு பூட்டுச்சொல்லை அந்த டிஸ்க்கிலேயே சேமித்தவரும் என் வாடிக்கையாளர்களில் உண்டு.

“கிளவுட்ல போட்டா ஆச்சே?” என்று பின்வரிசைத் தம்பி அப்போதிருந்து கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். போடுங்கள் தம்பி, நானும் போடுகிறேன், முக்கியமானதை மட்டும். 4 டிபியை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் இரவு பகலாக 18 நாளைக்கு மேல் ஆகும். இறக்குவதற்கும் நாள் கணக்கு உண்டு. உங்கள் போனோடு தானாக ஒத்துப்போகும் கிளவுட் என்றால் போனில் அழித்தது அங்கேயும் அழியும். குப்பைக்கூடையில் சில நாள் இருக்கும், அதற்குள் உங்களுக்கு ஞாபகம் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. பிக்ஸார்க்காரர்களிடமும் பேக்கப் இருந்தது, திறக்கத்தான் வரவில்லை. எனக்கு ஆயுத பூஜைதான் பரிசோதனை நாள். கடையில் ஸ்க்ரூடிரைவருக்கும் டெஸ்டருக்கும் பொட்டு வைப்போம், டிஸ்க்குகளுக்கும் உண்டு. வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் செருகி, கண்ணை மூடிக்கொண்டு பத்து ஃபைல் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறப்பேன். போட்டோ என்றால் முழுசாகத் தெரிய வேண்டும், பாட்டு என்றால் கடைசிவரை ஓட வேண்டும். போன வருஷம் ‘ராத்திரி’ டிஸ்க்கில் இரண்டு திறக்கவில்லை. பார்த்தால், ஆவணியிலிருந்து அந்த நிரல் ஓடவே இல்லை. நானே இடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மூடியிருக்கிறேன். பொட்டு வைக்கப் போன கையைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

கேள்விகளை வெளியே டீ குடிக்கும்போது வைத்துக்கொள்வோம். நான் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஊருக்கு வந்திருந்த மகள் இன்றைக்கு இரவு ரயிலில் கோயம்புத்தூர் திரும்புகிறாள். இந்த மஞ்சப்பையில் இருப்பது அவளிடம் கொடுக்க வேண்டிய புது டிஸ்க். அங்கேயிருந்து அவள் கொண்டுவந்திருக்க வேண்டிய பழையது எங்கே என்று கேட்டேன். “ஐயோ அப்பா, மேஜை மேலயே வச்சுட்டு வந்துட்டேன்” என்றாள். நல்லதுதான், இன்னும் இரண்டு மாதம் அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.